பூசணி பழுக்கும் நேரத்தில் மருந்து வேண்டாம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். விவசாயம் செய்கிறவர்கள் முழுவதும் படியுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறவர்களும் படியுங்கள், ஏனென்றால் கடைசிப் பகுதி உங்களுக்குத்தான்.

மார்கழி வந்துவிட்டது. ஆவணி, புரட்டாசியில் ஊன்றிய பூசணிக் கொடிகள் இப்போது கடைசிக் கட்டத்தில் நிற்கின்றன. இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் பொங்கல் வியாபாரம். ராயகிரியில் இருந்து சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வரை மலையடிவாரத்துத் தோட்டங்களில் காய் பெரிதாகி, மஞ்சள் பூசணி நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. தடியங்காய் மேல் சாம்பல் படிந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில்தான் நம்ம சம்சாரிகளுக்குப் பயமும் வருகிறது. "இத்தனை நாள் காப்பாற்றியாச்சு, கடைசியில் புழு வச்சிட்டா என்ன செய்ய?" என்ற பயம். அந்தப் பயத்தில் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைக்கிறார். மறுநாள் தோட்டம் முழுக்க மருந்து வாசம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூசணியின் கடைசி மாதத்தில் கொடி மேல் பூச்சிமருந்து அடிப்பது பெரும்பாலும் வீண் செலவு. அது புழுவைக் கொல்வதில்லை. தேனீயைக் கொல்கிறது, அடிக்கிறவர் உடம்பைக் கெடுக்கிறது, சாப்பிடுகிறவர் வயிற்றுக்குப் போகிறது. இதற்குப் பதிலாகச் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவை விலை குறைந்தவை. ஆனால் ஒரு ஆள் மட்டும் செய்தால் போதாது, பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து செய்ய வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பூசணிக்குக் கடைசி நேரத்தில் முதல் எதிரி பழ ஈ. பாகல், புடலை, பீர்க்கு, வெள்ளரி, சுரை எல்லாவற்றுக்கும் இதே ஈதான். வீட்டு ஈயை விடப் பெரிதில்லை. பழுப்பு நிறம், உடம்பில் மஞ்சள் கோடு, பார்ப்பதற்குக் குளவி மாதிரி இருக்கும். பெண் ஈ பிஞ்சுக் காயின் தோலில் ஊசி போலக் குத்தி, தோலுக்கு அடியில் முட்டை வைக்கிறது. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து வெள்ளைப் புழு வருகிறது. புழு காயின் சதையைத் தின்று ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்து, காயை விட்டு வெளியே வந்து மண்ணுக்குள் போய்க் கூண்டுப் புழு ஆகிறது. ஒன்று, ஒன்றரை வாரம் கழித்து மண்ணில் இருந்து புது ஈ வெளியே வருகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது.

இப்போது யோசியுங்கள். முட்டை தோலுக்கு அடியில். புழு சதைக்குள். கூண்டுப் புழு மண்ணுக்குள். இலை மேல் அடிக்கிற மருந்து இந்த மூன்றில் எதைத் தொடும்? மிச்சம் இருப்பது பறக்கிற ஈ மட்டும். அதுவும் நாள் முழுக்கப் பூசணிக் கொடியில் உட்கார்ந்திருப்பதில்லை. பெரும்பாலான நேரம் தோட்டத்து ஓரத்தில் இருக்கிற மக்காச்சோளம், ஆமணக்கு போன்ற செடிகளின் இலைகளில் தங்குகிறது. முட்டை வைக்க மட்டும் கொடிக்கு வருகிறது. நாம் கொடியை நனைத்துக்கொண்டிருக்கும்போது ஈ வரப்பில் சௌக்கியமாக இருக்கிறது.

கடைசி மாதத்தில் ஏன் தொல்லை அதிகமாகிறது? ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரு பெண் ஈ சில நூறு முட்டைகள் வரை வைக்கக்கூடியது. கணக்குக்காக 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 அழிந்து 10 மட்டும் பிழைக்கிறது, அதில் பாதி பெண் என்று வைப்போம். ஒரு பெண் ஈ ஒரு மாதத்தில் 5 ஆகும். இரண்டாம் மாதம் 25. மூன்றாம் மாதம் 125. நாலாம் மாதம் 625. பூசணிக் கொடி தோட்டத்தில் நிற்பது ஏறக்குறைய நாலு, நாலரை மாதம். அப்படியானால் கடைசியில் நாம் பார்க்கிற ஈக்கூட்டம் இந்த மாதம் எங்கிருந்தோ பறந்து வந்தது அல்ல. முதல் இரண்டு மாதத்தில் வெம்பி விழுந்த பிஞ்சுகளை அப்படியே கிடக்க விட்டோமே, அங்கே பிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமும் அதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. பழ ஈ விரும்புவது இளம் பிஞ்சைத்தான். நன்றாகத் திரண்டு, நகத்தால் கீறினால் கீறல் விழாத அளவு தோல் கெட்டியான பூசணியை அது எளிதில் குத்த முடியாது. காயில் வெடிப்போ அடிபட்ட காயமோ இருந்தால்தான் ஆபத்து. அதாவது, பொங்கலுக்கு வெட்டப்போகிற உங்கள் பெரிய காய்க்குக் கவசம் ஏற்கெனவே வந்துவிட்டது. அந்தக் காயைக் காப்பாற்றுவதாக நினைத்து அதன் மேலேயே மருந்தை ஊற்றுகிறோம். பத்து நாளில் அதை வெட்டி வண்டி ஏற்றுகிறோம்.

நம் பள்ளியில் படித்த தம்பி ஒருவன், திருப்பூரில் இருந்து திரும்பி வந்து ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பூசணி போட்டிருக்கிறான். போன வாரம் படம் அனுப்பி, "சார், மூணாவது தடவை அடிக்கச் சொல்றாங்க, ரெண்டு மருந்தைக் கலந்து அடிக்கணுமாம், அடிக்கட்டுமா?" என்று கேட்டான். படத்தைப் பார்த்தால், இலையில் வெள்ளை மாவு தூவின மாதிரி இருக்கிறது. அது சாம்பல் நோய். பூஞ்சையால் வருவது. பூச்சிமருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அடி இலைகள் மஞ்சளாகிக் காய்ந்திருந்தன. அது கொடிக்கு வயதாகிவிட்டதன் அடையாளம். நரைத்த தலைக்கு யாராவது ஊசி போடுவார்களா? "அடிக்காதே தம்பி" என்று சொல்லி, என்ன செய்யலாம் என்று எழுதி அனுப்பினேன். அது எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

1. கடைசி மாதத்தில் புதிதாக வரும் பூவையும் பிஞ்சையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். இனி அவை முற்றப்போவதில்லை. பழ ஈக்குத் தொட்டில் ஆவதுதான் மிச்சம். நல்ல பிஞ்சு என்றால் கூட்டு வைக்கலாம், பூவை மார்கழிக் கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்குக் கொடுக்கலாம். கொடியின் சத்தும் இருக்கிற காய்க்குப் போகும்.

2. குத்துப்பட்ட காய், வெம்பி விழுந்த பிஞ்சு, அழுகல் எல்லாவற்றையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை பொறுக்குங்கள். பொறுக்கி வரப்பில் எறிவது, ஓடையில் போடுவது, எருக்குழியில் மேலாகப் போடுவது மூன்றும் ஈயை நாமே வளர்ப்பதற்குச் சமம். இரண்டடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்து மூடுங்கள். அல்லது கிழிசல் இல்லாத பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் போட்டு வையுங்கள். எல்லா வேலையிலும் முக்கியமானது இதுதான். மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

3. காய்க்கு அடியில் வைக்கோல், காய்ந்த தென்னை ஓலை, ஓட்டுத் துண்டு ஏதாவது வையுங்கள். செடி முளைக்கும்போது இலையை ஓட்டை போடுகிற சிவப்பு வண்டை எல்லாருக்கும் தெரியும். அதன் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும். மண்ணைத் தொட்டுக் கிடக்கிற காயின் அடிப்பக்கத்தையும் துளைக்கும். மேலே என்ன அடித்தாலும் அடியில் இருக்கிற அந்தப் புழுவுக்கு எட்டாது. காய் மண்ணில் படாமல் இருந்தால் அழுகலும் குறையும்.

4. கவர்ச்சிப் பொறி வையுங்கள். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மாந்தோப்புக்கு வைக்கிற பொறியில் மீத்தைல் யூஜினால் என்ற பொருள் இருக்கும். அது மாம்பழ ஈயின் ஆணை இழுக்கும். பூசணி ஈ அதற்கு வராது. பூசணி ஈக்கு கியூலூர் என்ற வேறு பொருள். புளியங்குடி பக்கம் மாவுக்கு வாங்கினதில் மிச்சம் இருக்கிறது என்று பூசணித் தோட்டத்தில் கட்டிவிட்டு, "பொறி வேலை செய்யலை" என்று சொல்லாதீர்கள். வாங்கும்போதே "பாகல், பூசணிக்கு" என்று கேட்டு வாங்குங்கள். ஆண் ஈ குறைந்தால் பெண் ஈக்குச் சேர்க்கை இல்லை, முட்டை பொரிக்காது.

5. பெண் ஈயைப் பிடிக்கக் கருவாட்டுப் பொறி. முட்டை உருவாகப் பெண் ஈக்குப் புரதம் தேவை, அதனால் கருவாட்டு வாசத்துக்கு வரும். ஓட்டை போட்ட பாலித்தீன் பையில் 5 கிராம் கருவாட்டுத் தூளை நனைத்து வைப்பது வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை. எக்டேருக்கு 50, அதாவது ஏக்கருக்கு 20 பை. 20 நாளைக்கு ஒருமுறை கருவாட்டை மாற்ற வேண்டும். பழைய துண்டறிக்கைகளில் அதோடு டைகுளோர்வாஸ் மருந்தைப் பஞ்சில் நனைத்து வைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. யாராவது பழைய இருப்பைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலில் கருவாட்டையும் சோப்புத் தண்ணீரையும் வைத்தால், உள்ளே வருகிற ஈ மூழ்கிச் சாகும்.

6. அறுவடை முடிந்ததும் கொடியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். கொடியை அகற்றி, மண்ணைக் கிளறி வெயில் காட்டுங்கள். கோழியை விடுங்கள். மண்ணில் இருக்கிற கூண்டுப் புழு அடுத்த வெள்ளாமைக்கு வைத்த முதல்.

இவ்வளவையும் செய்த பிறகும் மருந்து தேவைப்படும் தோட்டம் இருக்கலாம். நான் மருந்தே கூடாது என்கிற கட்சி இல்லை. கடன் வாங்கிப் பயிர் வைத்தவனிடம் போய் "இயற்கை விவசாயம் செய்" என்று சும்மா உபதேசம் பண்ணுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அடிப்பதாக இருந்தால் நாலு விஷயம் பாருங்கள். டப்பாவில் இருக்கிற முக்கோணத்தின் நிறம்: சிவப்பு கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. அந்தப் பயிருக்கு அந்த மருந்து அனுமதிக்கப்பட்டதா என்பது. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்ற காத்திருப்புக் காலம். அடிக்கும் நேரம். பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். தேனீ வருவது காலையில். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, தேனீ வராவிட்டால் காயே இல்லை என்று நாலாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டியது நினைவிருக்கிறதா? காலையில் மருந்து அடிக்கிறவன் தன் தோட்டத்து வேலையாட்களை, அதுவும் சம்பளம் கேட்காத வேலையாட்களைக் கொல்கிறான்.

தேனீ மட்டும் இல்லை. பழ ஈயின் புழுவைத் தேடிப்பிடித்து அதன் உடம்பில் முட்டை வைக்கிற ஒரு சின்னக் குளவி நம் நாட்டில் உண்டு. ஹவாய்த் தீவுகளில் இந்தப் பழ ஈ 1895 வாக்கில் நுழைந்து வெள்ளரி, பூசணி வெள்ளாமையை நாசம் செய்தபோது, அங்கிருந்த அறிஞர்கள் இந்தியாவுக்கு வந்து இந்தக் குளவியைத் தேடிப் பிடித்து 1916-ல் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். சென்னை மாகாண அரசில் பூச்சியியல் அறிஞராக இருந்த பெயின்பிரிக் பிளெட்சரின் பெயரைத்தான் அந்தக் குளவிக்கு வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்து அவர்கள் தேடி எடுத்துப்போன குளவியை, நாம் காசு கொடுத்து மருந்து வாங்கிக் கொல்கிறோம்.

ஹவாயில் இன்னொன்றும் செய்தார்கள். பொறுக்கிய சொத்தைக் காய்களை ஒரு கூடாரத்துக்குள் போட்டு மூடுவார்கள். மேலே உள்ள வலையின் கண் அளவு, குளவி வெளியே போகலாம், ஈ போக முடியாது என்ற கணக்கில் இருக்கும். எதிரி உள்ளேயே சாகும், நண்பன் தோட்டத்துக்குத் திரும்புவான். நம் வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் செய்து பார்க்க நல்ல வேலை. வாசுதேவநல்லூரிலேயே வேளாண் கல்லூரி இருக்கிறது.

"சார், நான் மட்டும் பொறுக்கிப் புதைச்சா போதுமா? பக்கத்துக்காரர் போடுற சொத்தையில் இருந்து என் தோட்டத்துக்கு வராதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வரும். ஈக்கு வரப்பும் தெரியாது, பட்டாவும் தெரியாது. அதனால்தான் இதை ஊர் வேலை என்கிறேன். ஜப்பானின் ஓகினாவா தீவுகளில் இதே ஈயால் பாகற்காயை நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்பவே தடை இருந்தது. 1972-ல் வேலையைத் தொடங்கினார்கள். கவர்ச்சிப் பொருள் வைத்து ஈயைக் குறைத்து, பிறகு மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்க விட்டு, 1978-ல் குமே என்ற ஒரு தீவில் ஒழித்தார்கள். தீவு தீவாகப் போய் 1993-ல் ஓகினாவா முழுவதும் ஒழித்துவிட்டார்கள். இருபத்தோரு வருடம். அவர்களிடம் அரசாங்கப் பணமும் சுற்றிலும் கடலும் இருந்தது. நமக்கு ஈயை அடியோடு ஒழிக்க முடியாது, அந்த ஆசையும் வேண்டாம். குறைக்க முடியும். அதற்கு ஒரே வாரத்தில் எல்லாரும் சொத்தை பொறுக்குவதும், ஒரே வாரத்தில் எல்லாரும் பொறி கட்டுவதும் போதும். குளத்துக்குத் தண்ணீர் பங்கு வைக்கவும், கொடைக்கு வரி போடவும் நமக்குக் கூட்டம் போடத் தெரியும். பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு பொதுக் குழி வெட்டத் தெரியாதா?

இதில் பணமும் இருக்கிறது. பாவூர்சத்திரம், சுரண்டை சந்தைகளில் இருந்து நம் காய் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. ஓணத்துக்கு மத்தங்காயும் கும்பளங்காயும் நாம் கொடுத்தால்தான் அவர்களுக்கு விருந்து. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்பானால் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்த மக்கள் அவர்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் இருக்கிறது என்று அங்கே எழுந்த சர்ச்சையும் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் மேல் கோபப்பட்டு என்ன பயன்? வாங்குகிறவன் கேட்கத்தான் செய்வான். நம் பிள்ளைகள் கேட்பதில்லை, அதுதான் வித்தியாசம். நம் தோட்டத்துப் பூசணி பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சாம்பாருக்கும் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அடிக்கிறவர் கதை இன்னும் மோசம். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முகமூடி இல்லை, கையுறை இல்லை, பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்தார்கள். நம்ம ஊரிலும் கைலியை மடித்துக் கட்டி, துண்டை வாயில் சுற்றிக்கொண்டு, குச்சியால் மருந்தைக் கலக்கி அடிக்கிறவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலர் கூலிக்கு வருகிறவர்கள். தோட்டமும் அவர்களுடையது இல்லை, லாபமும் அவர்களுடையது இல்லை.

கடைசியாக, வெளியூரில் காய் வாங்கித் தின்கிறவர்களுக்கு.

அமெரிக்காவில் பூசணிக்குப் போட்டி வைக்கிறார்கள். 2023-ல் கலிபோர்னியாவில் பரிசு வாங்கிய ஒரு காய் 1,247 கிலோ. அது வேடிக்கை பார்ப்பதற்கு. நமக்கு அந்த ஆசை இல்லை என்றாலும், பெரிய காய், வடு இல்லாத காய் என்றால்தான் வியாபாரி கூடுதல் விலை போடுகிறார். காரணம் நாம் அப்படித்தான் கேட்கிறோம். காய் பெரிதாக ஆக, கொடியில் அதிக நாள் நிற்கிறது. அதிக நாள் நின்றால் பயமும் அதிகம், மருந்தும் அதிகம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 பூசணி 7, 8 கிலோ வரும். கோ 2 ஒன்றரை, இரண்டு கிலோதான். மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு எது போதும் என்று நீங்களே சொல்லுங்கள். கடையில் பத்தை போட்டுத்தானே விற்கிறார்கள், உள்ளே நன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்கலாம். மேல்தோலில் ஒரு வடு இருக்கிறது என்பதற்காக ஒதுக்காதீர்கள். நீங்கள் ஒதுக்குகிற ஒவ்வொரு வடுவுக்கும் இங்கே ஒரு டேங்க் மருந்து கூடுகிறது.

ஊரில் இருக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மருந்துக் கடைக்குப் போகும் முன் தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஒருமுறை போங்கள். போக நேரமில்லை என்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசு கிடையாது, தமிழில் பேசலாம். விற்கிறவரிடம் மட்டும் ஆலோசனை கேட்டால் விற்கிற பதில்தான் வரும்.

பூசணி போட்டிருக்கிற தம்பிகள், தங்கைகள், மாமன் மச்சான்மார் எல்லாரும் உங்கள் தோட்டம் எந்தப் பக்கம், எத்தனை சென்ட் என்று கீழே எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்களை நான் ஒரு குழுவாகச் சேர்த்து விடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சொத்தை பொறுக்குவதை ஆரம்பிக்கலாம். மண்வெட்டி உங்களுடையது, வருகைப் பதிவேடு என்னுடையது.

எல்லாருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
ராயகிரி.